யார் பார்க்கச் சாப்பிடுகிறோம்?



சாப்பாட்டைப் பற்றி நம் சமய வகுப்புகளில் நிறையவே பேசியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை சைவம், விரதம், நைவேத்தியம், அன்னதானம் என்று எல்லாமே நமக்குத் தெரியும். ஆனால் கடையில் போய்ச் சாப்பிடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்போது நம் வயசுப் பிள்ளைகளுக்கு ஒரு புது ஆசை வந்திருக்கிறது. பட்டம் வாங்கினாலும் சரி, முதல் சம்பளம் வந்தாலும் சரி, உலகப் புகழ் பெற்ற சமையல்காரர் ஒருவரின் பெயரில் நடக்கும் ஸ்டேக் கடைக்குப் போக வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் நின்று இறைச்சியை வெட்டுவதைப் படம் பிடிக்க வேண்டும். அன்றிரவே இன்ஸ்டாகிராமில் போட வேண்டும்.

இதில் தர்மம், அதர்மம் என்று ஏதாவது இருக்கிறதா? "காசு என்னோடது, வயிறு என்னோடது, உனக்கென்ன வந்துச்சு?" என்று ஒருவன் கேட்டால் என்ன பதில் சொல்வது?

நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சமயச் சொற்பொழிவு செய்யும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக என்னை விடவில்லை. யோசித்ததை உங்களிடம் சொல்கிறேன். தப்பு என்றால் வகுப்பில் சண்டை போடலாம்.

முதலில் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். இந்த மாதிரிக் கடைகளில் உலகத்துக்கே தெரிந்தது துருக்கிக்காரர் நுஸ்ரத் கோக்சேயின் கடை. 2017 ஜனவரியில் ஒரு வீடியோ வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை நாகப்பாம்பு மாதிரி வளைத்து, முழங்கை வழியாக உப்பைத் தூவுவார். அதிலிருந்து 'சால்ட் பே' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2021 செப்டம்பரில் லண்டனில் கடை திறந்தார். அங்கே தங்க இதழ் சுற்றிய பெரிய ஸ்டேக் ஒன்றின் விலை 1,450 பவுண்டாக இருந்தது. அப்போதைய கணக்கில் 8,000 ரிங்கிட்டுக்கு மேல். அதே வருஷம் மலேசியாவில் நகரத்துக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. அதாவது ஒரு தட்டு இறைச்சி, ஒரு தோட்டத் தொழிலாளியின் ஏழு மாத உழைப்பு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம சிலாங்கூரிலேயே, சன்வேயில், 2022 ஜூனில் கோர்டன் ராம்சேயின் பெயரில் ஒரு கிரில் உணவகம் திறந்தார்கள். தொலைக்காட்சியில் சமையல்காரர்களைத் திட்டுவாரே, அவரேதான். லண்டனில் தங்கம், சன்வேயில் தங்கம் இல்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. முன்பு இதெல்லாம் டிவியில் பார்க்கிற சங்கதி. இப்போது கோலா சிலாங்கூர் பிள்ளைக்கு அது ஒரு கார்ப் பயணத் தூரம். அதனால்தான் இது நம் கேள்வி.

அந்தத் தங்கத்தைப் பற்றிப் பொறியியல் மாணவனாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தங்க இதழின் தடிமன் ஏறக்குறைய 0.1 மைக்ரோன். அந்த ஸ்டேக்கின் இரண்டு பக்கமும் சேர்த்து 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் கன அளவு 0.01 கன சென்டிமீட்டர். அடர்த்தி 19.3. ஆக, மொத்த எடை 0.2 கிராமுக்கும் குறைவு. அன்றைய தங்க விலைக்கு 50 வெள்ளி கூட வராது. ருசி கிடையாது, வாசனை கிடையாது, சத்து கிடையாது. உடம்பில் எதனோடும் சேராமல் வந்த வழியே போய்விடும். அப்படியென்றால் அந்தத் தங்கம் நாக்குக்காக வைத்தது இல்லை. கண்ணுக்காக வைத்தது. அதுவும் சாப்பிடுகிறவன் கண்ணுக்கு இல்லை, பக்கத்து மேசைக்காரன் கண்ணுக்கு.

இதற்கு நம் ஆட்கள் வழக்கமாக மூன்று பதில் சொல்வார்கள். எனக்கு மூன்றுமே போதவில்லை.

முதல் பதில்: "அது மாட்டுக்கறி. இந்துவுக்கு ஆகாது. பேச்சு முடிஞ்சுது." நம்மில் நிறையப் பேர் மாட்டிறைச்சி தொடுவதில்லை, நானும் தொடுவதில்லை. ஆனால் அதோடு பேச்சு முடிகிறதா? அதே கடையில் மீனும் கோழியும் உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவன், "நான் சால்மன்தான் ஆர்டர் பண்ணுவேன், பாவம் கணக்குல வராது" என்றான். தட்டில் என்ன இருந்தது என்பதற்கு அவனிடம் பதில் இருக்கிறது. எதற்காகப் போனான் என்பதற்கு இல்லை.

இரண்டாவது பதில்: "ஊரில் பசி இருக்கும்போது இவ்வளவு செலவா?" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்தக் கணக்கை ஒரே ஒரு கடையோடு நிறுத்த முடியாது. நம் கையிலிருக்கும் போன், கல்யாண மண்டபத்து மேடை அலங்காரம், மாதா மாதம் தவணை கட்டும் கார், எல்லாமே அந்தக் கணக்கில் மாட்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் பிடித்தால், அடுத்தவனைக் குறை சொல்லத்தான் தர்மம் பேசுகிறோம் என்று ஆகிவிடும்.

மூன்றாவது பதில்: "உழைச்ச காசு. எப்படிச் செலவு பண்ணினா என்ன?" இதில் பாதி உண்மை இருக்கிறது. திருடவில்லை, ஏமாற்றவில்லை. ஆனால் காசு எனக்குச் சொந்தம் என்பதால், அதை வைத்து அடுத்தவர்களுக்கு நான் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. நான் என்ன செய்கிறேன் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

இந்தக் கடைகளுக்காகப் பேசக்கூடிய உண்மையான ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயமாகப் பேசியதாக ஆகாது.

எங்கள் பெரியம்மா இளவயதில் பால்மரம் சீவினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். முப்பது வருஷத்துக்கு மேல் தோட்ட வேலை. அவர் மகன், எங்கள் அண்ணன், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பெரியம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைத் துணி விரித்த மேசை, நாலு விதக் கரண்டி. பெரியம்மா சாப்பிட்டது ஒரு சூப்பும் கொஞ்சம் மீனும்தான். திரும்பி வந்ததும் நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, "எப்படி இருந்துச்சு பெரியம்மா?" என்று கேட்டோம். அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாற்காலிய இழுத்துப் போட்டு, உட்காருங்கம்மான்னு சொன்னான்டா அந்தப் பையன்" என்றார்.

காலையில் பெரட்டில் நின்று, ஆபீஸ் ஜன்னலில் நின்று, கிராணி முன்னால் நின்று பழகியவருக்கு, ஒருத்தன் நாற்காலியை இழுத்துப் போட்டது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தச் சந்தோஷத்தை "ஆடம்பரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் இந்தக் கடைகளுக்கு ஆசைப்படுவதில் பேராசை மட்டும் இல்லை. "நாங்களும் உட்காரலாம்" என்ற மானமும் அதில் கலந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் உபதேசம் செய்தால் எவனும் கேட்க மாட்டான். கேட்கவும் வேண்டியதில்லை.

இந்த மானத்துக்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் என்பவர் முன்னின்றவர்களில் ஒருவர். போராட்டம் கிள்ளானோடு நிற்காமல் கோலா சிலாங்கூர் உட்பட சிலாங்கூரின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். அவசரநிலை அறிவித்தார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சம்பள உயர்வு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது, மருத்துவ வசதி இருக்கிறது. நடுவில் இன்னொன்றும் இருக்கிறது: துரையின் முன்னாலும் கிராணிமார் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும். இன்றைக்குப் படிக்கும்போது சிரிப்பு வரும். சைக்கிள் ஓட்ட ஒரு போராட்டமா? ஆனால் அன்று சட்டம் அதுதான். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இறங்கி நின்றால்தான் துரை பெரியவர், இவன் சின்னவன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நான் இந்தக் கோரிக்கையைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த மனிதர் என்ன கேட்டார்? துரையைவிட நல்ல சைக்கிள் வேண்டும் என்று கேட்கவில்லை. நான் போகும்போது துரை இறங்கி நிற்கட்டும் என்றும் கேட்கவில்லை. துரை பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, நான் பாட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் கேட்டார். யார் உசத்தி, யார் மட்டம் என்று காட்டுகிற அந்தச் சடங்கே வேண்டாம் என்றார்.

அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. தன் மானத்துக்காகத் துரையோடு சண்டை போட்டவர்கள், தங்கள் கூலியைத் தின்னும் பழக்கத்தோடும் சேர்ந்தே சண்டை போட்டார்கள். உரிமையும் சுயக்கட்டுப்பாடும் ஒரே தாளில் இருந்தன. நம் சமயம் சொல்வதும் அதைத்தானே?

இப்போது ஸ்டேக் கடைக்குத் திரும்பி வருவோம். பெரியம்மாவின் நாற்காலியும் அந்தத் தங்க இறைச்சியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டும் விலை உயர்ந்த மேசைதான். ஆனால் என் மனசுக்கு இரண்டும் எதிர் எதிர் திசையில் போகின்றன. பெரியம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது யாரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. அவர் உயர்ந்தார், அவ்வளவுதான். தங்க இறைச்சி அப்படி இல்லை. அதன் முழு மதிப்பும், மற்றவனால் வாங்க முடியாது என்பதில்தான் இருக்கிறது. எல்லோராலும் வாங்க முடிந்தால் அந்தக் கடை அடுத்த நாளே வேறு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்கும். அது பழைய சைக்கிள் சட்டம்தான். பார்க்கிறவன் மனசுக்குள் இறங்கி நிற்க வேண்டும்.

இது என் கற்பனை இல்லை. 2018 செப்டம்பரில் வெனிசுவேலா நாட்டு அதிபர் நிக்கோலஸ் மதுரோ இஸ்தான்புல்லில் கோக்சேயின் கடையில் சாப்பிட்ட வீடியோ வெளிவந்தது. அவர் நாட்டில் அப்போது கடைகளில் உணவுப் பொருள் கிடைக்காமல் மக்கள் லட்சக்கணக்கில் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 2021 நவம்பரில் வியட்நாமின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் தோ லாம் லண்டன் கடையில் உட்கார்ந்திருக்க, கோக்சே தங்க இறைச்சியைத் தன் கையாலேயே அவருக்கு ஊட்டினார். அந்த வீடியோவும் பரவியது. டா நாங் நகரத்தில் நூடல்ஸ் விற்கும் பூய் துவான் லாம் என்பவர், அதே மாதிரிக் கண்ணாடி போட்டு, வெங்காயத் தாளை உயரத்திலிருந்து தூவி ஒரு கேலி வீடியோ போட்டார். போலீஸ் அவரை அழைத்து விசாரித்தது. 2022இல் கைது. 2023 மே மாதம், அரசுக்கு எதிரான பிரசாரம் என்ற குற்றச்சாட்டில் ஐந்தரை வருஷச் சிறை. அவருடைய மற்ற அரசியல் பதிவுகளும் அந்த வழக்கில் உண்டு. இருந்தாலும் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கம் சாப்பிட்டவர் பதவியில். வெங்காயத் தாள் தூவியவர் சிறையில்.

கோக்சேயைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சுரங்கத் தொழிலாளியின் மகன். வறுமையால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இறைச்சிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். நம் லயத்துப் பையன் ஒருவன் அவ்வளவு தூரம் வந்தால் நாம் இதே பத்திரிகையில் அட்டைப்படம் போடுவோம். இந்தக் கடைகளின் சமையலறையில் வேலை செய்கிற நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுப்புச் சூட்டில் பத்து மணி நேரம் நிற்கிறவன் கைத்திறமைக்கு நல்ல விலை கொடுப்பதில் பாவமே இல்லை. விலை அதிகம் என்பதாலேயே ஒரு சாப்பாடு குற்றம் ஆகிவிடாது. எதற்காக அந்த விலையைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ருசிக்கா, அம்மாவின் சந்தோஷத்துக்கா, இல்லை அடுத்தவனைக் கீழே இறக்கவா?

"நான் யாரையும் கீழே இறக்கலியே, சும்மா சாப்பிடத்தானே போறேன்" என்று நீங்கள் சொல்லலாம். மதுரோ எங்கே, நாம எங்கே? சரிதான். எங்கள் விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் பதினொரு பேர் ஒரே கூட்டம். இறுதித் தேர்வு முடிந்ததும் ஒரு பெரிய ஸ்டேக் கடைக்குப் போகலாம் என்று ஒருவன் வாட்ஸ்அப்பில் போட்டான். கடை பேர் இங்கே தேவையில்லை. ஆளுக்கு 350 வெள்ளி ஆகும். உடனே கட்டைவிரல் காட்டியவர்கள் ஏழெட்டுப் பேர். மூன்று பேர் மட்டும், "வீட்டுல வேலை இருக்கு", "அன்னிக்கு ஊருக்குப் போறேன்" என்று எழுதினார்கள். அதில் ஒருவன் எனக்கு நெருக்கம். அவன் அப்பா தோட்டத்தில் கான்ட்ராக்ட் வேலை. பி.டி.பி.டி.என். கடன் பணத்திலேயே மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவன். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். 350 வெள்ளி என்றால் அவன் அப்பாவுக்கு ஐந்து நாளைக்கு மேல் வேலை.

"காசு இல்லன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா அவனுங்களே கட்டிடுவானுங்க மச்சான். அது இதவிட மோசம்" என்றான்.

இந்தப் பதில்தான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. அந்த மேசையில் யாருமே அவனை அவமானப்படுத்த நினைக்கவில்லை. எல்லோரும் நல்ல பிள்ளைகள். ஆனாலும் அந்த விலை அவனை ஒன்று பொய் சொல்ல வைக்கிறது, இல்லை கை நீட்ட வைக்கிறது. அந்தக் காலத்தில் துரை கண்ணால் பார்த்துத்தான் தொழிலாளியைச் சைக்கிளை விட்டு இறக்கினார். இப்போது யாரும் பார்க்காமலேயே ஒரு மெனு அட்டை இறக்கிவிடுகிறது.

பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயத்தை நம் வகுப்பில் படித்திருப்பீர்கள். உணவை சாத்வீகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிப்பதை எல்லோரும் சொல்வோம். காரம், புளிப்பு, பழசு என்று பட்டியலும் போடுவோம். அதே அத்தியாயம் தவத்தையும் தானத்தையும்கூட அதே மூன்றாகப் பிரிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பேர் வாங்கச் செய்கிற தவம், பலனை எதிர்பார்த்துக் கொடுக்கிற தானம், மதிப்பில்லாமல் கொடுக்கிற தானம் எல்லாமே அங்கே கீழ்ப்படியில்தான் இருக்கின்றன. தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, நெஞ்சில் என்ன இருக்கிறது என்றும் பார் என்பதுதான் நான் அதில் புரிந்துகொண்டது. "காசு இல்லையா, சரி நான் கட்டுறேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்வதும் தானம்தான். ஆனால் எந்த வகைத் தானம்?

இதோடு ஸ்டேக் கடைக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் வீட்டுக்கும் கோவிலுக்கும் வருவோம். தோட்டத்துத் திருவிழாவில் அன்னதானம் நடக்கும். சனங்கள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். ஓரமாக ஒரு கூடாரத்தில் மேசைத் துணி விரித்து, மினரல் தண்ணீர் போத்தல் வைத்து, "பிரமுகர்கள்" என்று எழுதிய தனி மேசை ஒன்று இருக்கும். சோறும் சாம்பாரும் அதே அண்டாவிலிருந்துதான் வருகிறது. ருசி ஒன்றுதான். அப்படியானால் அந்தத் தனி மேசை எதற்கு? தங்க இதழ் எதற்கோ அதற்குத்தான். மைக்கில் உபயகாரர் பெயரைப் பத்துத் தடவை சொல்வதும் அதே தங்க இதழ்தான். நம் பாட்டன் காலத்தில் சாதி பார்த்துப் பந்தி பிரித்ததும் அதுதான், அதைவிடக் கொடுமையாக.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வந்தால் போதும். யார், எந்தச் சாதி, கையில் காசு உண்டா என்ற கேள்வி கிடையாது. என்னைக் கவர்ந்தது இலவசம் என்பது மட்டும் இல்லை. அங்கே சாப்பிட யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போகும்போது போனபடியே நிமிர்ந்து போகலாம். உலகத்தில் எவ்வளவு உயர்ந்த கடையாக இருந்தாலும் இதைவிட உயர்ந்த மரியாதையை எந்த மேசையிலும் வைக்க முடியாது.

அப்படியானால் அந்தக் கடைகளுக்குப் போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. போகும் முன் என்னையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று: போனைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னால், அப்போதும் நான் போவேனா? "ஆமாம்" என்றால் ருசிக்காகவோ அன்புக்காகவோ போகிறேன். தாராளமாகப் போகலாம். "அப்புறம் எதுக்கு?" என்று மனசு கேட்டால், நான் வாங்கப் போவது சாப்பாடு இல்லை.

இரண்டு: என் அழைப்பினால் யாராவது பொய் சொல்ல வேண்டி வருமா? வரும் என்றால் அந்த மேசை அளவில் பெரிதாக இருக்கலாம், மரியாதையில் சின்னது.

எங்கள் கூட்டத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பொய்ச் சாக்குச் சொன்னவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், "எனக்கு 350 வெள்ளி அதிகம்டா, வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் போட்டேன். எனக்கு அது உண்மையும்கூட. கொஞ்ச நேரம் யாரும் பதில் போடவில்லை. பிறகு ஒருவன் "கஞ்சப்பய" என்று சிரிப்புப் படம் போட்டான். கடைசியில் ஆறு பேர் ஸ்டேக் கடைக்குப் போனார்கள். ஐந்து பேர் வாழையிலை. அந்த ஐந்தில் சாக்குச் சொன்ன மூன்று பேரும் இருந்தார்கள். 'வீட்டு வேலை' எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆறு பேர் போட்ட படங்கள் நல்லாத்தான் இருந்துச்சு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இன்றும் என் நண்பர்கள்தான். ஆனால் பதினொரு பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்க வேண்டிய கடைசி நாள் இரண்டு மேசையாகப் பிரிந்தது. பட்டம் வாங்கிவிட்டால் இனி எப்போது பதினொரு பேரும் கூடுவோம் என்று தெரியாது. 350 வெள்ளியின் உண்மையான விலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் சில வருஷத்தில் நல்ல சம்பளம் வாங்குவோம். வாங்க வேண்டும். நம் பெரியம்மாக்களை, அம்மாக்களை நல்ல நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பெரட்டில் நின்ற கால்களுக்கு நாம் பட்டிருக்கிற கடன் அது. ஆனால் அந்தக் காசு நம் கைக்கு வந்ததும், நாம் சைக்கிளில் நிமிர்ந்து போகிறவர்களாக ஆகிறோமா, இல்லை மற்றவர்களை இறக்கி நிறுத்தும் புதுத் துரைகளாக ஆகிறோமா என்பதை யாரும் நமக்காகத் தீர்மானிக்கப் போவதில்லை. சாப்பாட்டு மேசை போன்ற சின்ன இடங்களில்தான் அது தீர்மானமாகிறது.

லண்டன் கடையை நம்மால் மாற்ற முடியாது. அது நம் வேலையும் இல்லை. ஆனால் கோவில் கூடாரத்துத் தனி மேசை நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. வருகிற திருவிழாக் கூட்டத்தில், அந்த மேசையை எடுத்துவிட்டுத் தலைவரும் உபயகாரரும் சனங்களோடு ஒரே பந்தியில் உட்காரலாமா என்று எங்கள் கோவில் நிர்வாகத்தைக் கேட்கப் போகிறேன். பெரியவர்களுக்குக் கோபம் வரலாம். உபயம் குறையும் என்று சொல்லலாம். மரியாதையாகக் கேட்பேன். முடியாது என்றால் அடுத்த வருஷமும் கேட்பேன். உங்கள் ஊர்க் கோவிலில் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.